பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவில்: திருப்பூர் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது மாநிலத்திலேயே முதலிடம் திருப்பூர் மாவட்டத்துக்கு. தேர்ச்சி 97.45 சதவீதம். ஏதோ ஒரு வருடம் அடித்த அதிர்ஷ்டமும் இல்லை இது. 2019-லும் 2020-லும் திருப்பூர்தான் முதலிடம். 2023-ல் விருதுநகருக்கு அடுத்த இடம். 2024-ல் மாநில அளவில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். "வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி" என்று தொலைக்காட்சிகளில் ஒரு வரி ஓடியது. செய்தி அதோடு முடிந்தது.

அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. திருப்பூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஊர் பெருத்த வேகத்தையும், அந்த வேகம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து என்ன செய்கிறது என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை. பையன்களுக்குப் படிப்பு ஏறாது, பெண்பிள்ளைகள் பொறுப்பானவர்கள் என்று ஆசிரியர் அறையிலிருந்து டீக்கடை வரை எல்லோரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. பதினைந்து வயதில் இந்த நகரம் பையன் கையில் ஒன்றைக் கொடுக்கிறது, பெண்ணுக்கு வேறொன்றை விதிக்கிறது. மதிப்பெண் பட்டியலில் நாம் பார்க்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஒரே செட் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தால்

ஒரு வருடத்து முடிவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரே செட் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பின்தொடர வேண்டும். 2022-ல் பத்தாம் வகுப்பு எழுதியவர்களே 2023-ல் பிளஸ் ஒன், 2024-ல் பிளஸ் டூ எழுதினார்கள். மாநிலம் முழுவதற்குமான கணக்கு இது.

2022-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவர்கள் 4,60,120 பேர், தேறியவர்கள் 3,94,920. மாணவிகளில் 4,52,499 பேர் எழுதி 4,27,073 பேர் தேறினார்கள். சதவீதமாகச் சொன்னால் பையன்கள் 85.83, பெண்கள் 94.38. இடைவெளி எட்டரைக்குச் சற்று மேல். அடுத்த வருடம் பிளஸ் ஒன்னில் 86.99-க்கு 94.36, இடைவெளி ஏழு சொச்சம். அதற்கு அடுத்த வருடம் பிளஸ் டூவில் நாலு. பார்க்கிறவர்களுக்கு, பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

எட்டிப் பிடிக்கவில்லை. பின்தங்கியவர்கள் வெளியே போய்விட்டார்கள். 2024-ல் பிளஸ் டூ எழுதிய பையன்கள் 3,52,165 பேர்தான். பத்தாம் வகுப்பு எழுதியவர்களைவிட ஏறக்குறைய 1,08,000 பேர் குறைவு. பெண்கள் பக்கம் அந்தக் குறைவு சுமார் 44,000. பத்தாம் வகுப்பு எழுதிய நூறு பையன்களுக்கு 77 பேர் பிளஸ் டூ எழுதி, 71 பேர் தேறியிருக்கிறார்கள். நூறு பெண்களுக்கு 90 பேர் எழுதி, 87 பேர் தேறியிருக்கிறார்கள். செய்தியில் நாலாகத் தெரிந்த வித்தியாசம், தொடக்கத்திலிருந்து எண்ணினால் பதினாறு.

ஆளுக்கு ஆள் துல்லியமாகப் பொருந்தும் கணக்கு இல்லை இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் போகிறவர்கள் உண்டு. அவர்களில் பையன்களே அதிகம். துணைத்தேர்வில் தேறிப் பிளஸ் ஒன்னுக்குத் திரும்பி வந்தவர்கள் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் கழித்துக் கூட்டினாலும் ஒன்று அசையாமல் நிற்கிறது: பத்தாம் வகுப்பிலேயே பெயிலான பையன்கள் 65,200 பேர், பெண்கள் 25,426 பேர். துணைத்தேர்வில் தேறினால் ஒழிய அந்தப் பையன்களுக்குப் பிளஸ் ஒன்னும் இல்லை, பாலிடெக்னிக்கும் இல்லை.

இந்த செட் கொரோனா செட் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டபோது இவர்கள் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பைப் பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே கடந்து, ஆல் பாஸ் ஆகி, 2021 செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியில் பனியன் கம்பெனி போன்ற இடங்களில் வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் ஏராளம். ஆனால் கொரோனாவை மட்டும் காரணமாகக் காட்டி நகர்ந்துவிட முடியாது. 2024 பத்தாம் வகுப்பில் பெண்கள் 94.53, பையன்கள் 88.58. 2025-ல் 95.88-க்கு 91.74. இடைவெளி குறைகிறது, மூடவில்லை.

உலக அளவிலும் இந்தச் சாயல் உண்டு. 15 வயதினருக்கு நடத்தப்படும் பிசா என்ற சர்வதேசத் தேர்வில் வாசிப்பில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். 2022-ல் வளர்ந்த நாடுகளின் சராசரி வித்தியாசம் 24 புள்ளிகள். கணக்கில் பையன்கள் 9 புள்ளிகள் முன்னால். ஆனால் நாட்டுக்கு நாடு இந்த வித்தியாசம் ஏறி இறங்குகிறது. பிறவிக் குணம் மட்டும்தான் காரணம் என்றால் அப்படி ஏறி இறங்க வேண்டியதில்லை.

ஊர் வளர்ந்த விதம்

1961-ல் சுமார் 80 ஆயிரம் பேர் வாழ்ந்த நகராட்சி திருப்பூர். பருத்திச் சந்தை, ரயில் நிலையம், சில பனியன் கம்பெனிகள். எண்பதுகளில் ஏற்றுமதி பிடித்தது. அப்புறம் நிற்கவே இல்லை. சுற்றுப் பகுதிகளையும் சேர்த்த மக்கள்தொகை 2001-ல் சுமார் 5.5 இலட்சம், 2011-ல் சுமார் 9.6 இலட்சம். பத்தே வருடத்தில் எழுபத்தைந்து சதவீதம். 2008-ல் மாநகராட்சி, 2009-ல் தனி மாவட்டம், 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் பல ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன. இதே காலத்தில் தமிழ்நாட்டில் நகரங்களில் வாழ்வோர் 44 சதவீதத்திலிருந்து 48.4 ஆனார்கள். திருப்பூர் அந்தச் சராசரியைப் பல மடங்கு தாண்டி ஓடிய ஊர்.

இந்த ஊரில் ஒரே கூரைக்கடியில் நூல் வாங்கி சட்டையாக அனுப்பும் பெரிய ஆலைகள் குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஒவ்வொன்றும் வேறு வேறு இடம். பத்து மிஷின் போட்டு, மற்ற கம்பெனிகளின் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் (ஜாப் ஒர்க்) பவர் டேபிள் தையல் யூனிட்டுகள் சந்துக்குச் சந்து இருக்கும். பிள்ளைகளின் படிப்பை இந்த அமைப்பு நேரடியாகத் தொடுகிறது. பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் ஆடிட் உண்டு. வயதுச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பதினைந்து வயதுப் பையன் அங்கே போவதில்லை. ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகிறான். அங்கே ஆதார் கேட்பவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

முதல் வேலை பெரும்பாலும் கைமடி. டைலர் தைத்துத் தள்ளும் பீஸை எடுத்து மடித்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். படிப்பு வேண்டாம், பழக்கம் வேண்டாம், காலையில் கற்றுக்கொண்டு மதியம் செய்துவிடலாம். ஆறு மாதம் போனால் ஓரத்து மிஷினில் உட்காரலாம். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மிஷின்கள் பழகிவிட்டால் பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி. ஆர்டர் நெருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை மாலை கையில் பணம். பதினைந்து வயதுப் பையன் கண்ணால் பார்த்துப் பின்தொடரக்கூடிய படிகள் இவை. மாமா இப்படித்தான் டைலர் ஆனார், எதிர்வீட்டு அண்ணன் இப்படித்தான் பைக் வாங்கினார். பிளஸ் டூ முடித்து, டிகிரி முடித்து அதே கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவரையும் அவன் பார்க்கிறான். நல்ல டைலர் அவரைவிடக் கூடுதலாக வாங்குகிறார் என்பதும் அவனுக்குத் தெரியும். பையன் கணக்குத் தெரியாமல் பள்ளியை விடவில்லை. அவன் வயதுக்கு அவனுக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் விடுகிறான். முப்பது வயதுக்கு மேல் பீஸ் ரேட்டில் உடம்பு ஈடுகொடுக்காது என்பதும், ஆர்டர் நின்றால் முதலில் நிறுத்தப்படுவது யார் என்பதும் அந்தக் கணக்கில் சேராது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே திணறியதே, அப்போது இன்றைய பத்தாம் வகுப்புப் பையன்கள் பலர் கைக்குழந்தைகள்.

ஒரு லைன் வீட்டில்

பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப்போகும் ஆசிரியை ஒருவரோடு பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து வீட்டுக்கு ஒரு குழாய், வரிசையாக ஒற்றை அறைகள். இந்தக் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பாவுக்கு டையிங்கில் (சாயம் போடுவது) வேலை, அம்மாவுக்கு செக்கிங்கில் (தைத்த துணியைச் சரிபார்ப்பது). பையன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போய்விட்டது. முடிவு வந்த மறு வாரமே வேலைக்குப் போய்விட்டான்.

"நான் போகாதேன்னுதான் சொன்னேன் டீச்சர்" என்றார் அம்மா. "வீட்ல சும்மா இருந்தா பசங்களோட சுத்துவான். கம்பெனியில இருந்தா எங்க இருக்கான்னாச்சும் தெரியும்."

"துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட நாலு நாள்தான் இருக்குதுங்க அக்கா. அதெல்லாம் நான் பாத்துக்கறேன். எழுத மட்டும் அனுப்பி வைங்க."

"அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

பையன் வரும்போது இரவு எட்டரை ஆகிவிட்டது. தலைமுடியில் பஞ்சுத் தூசி. டீச்சரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். பெற்றோர் பேச்சில் தேனி வாடை அப்படியே இருக்க, அவன் பேச்சு முழுக் கொங்கு. "அடுத்த வருசம் கண்டிப்பா எழுதறனுங் மிஸ்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வாடகையில் பாதிக்கு மேல் இப்போது அவன் கூலியில் போகிறது என்பதை அம்மா பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அதே அறையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் அவன் அக்கா பிளஸ் டூ புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல். பள்ளி விட்டு ஐந்து மணிக்கு வருவாள், குழாயில் தண்ணீர் வந்தால் பிடிப்பாள், சோறு வைப்பாள், அப்புறம் படிப்பு. வாசலுக்கு வெளியே அவளுக்கு வேலை இல்லை. "பொம்பளப் பிள்ளையக் கம்பெனிக்கு அனுப்ப மனசு வரல டீச்சர். படிக்கட்டும். ஒரு காலேஜ் முடிச்சா நாளைக்குக் கல்யாணத்துக்கும் நல்லது" என்றார் அதே அம்மா.

இந்த ஒரு வீட்டுக்குள் மொத்த விஷயமும் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் மேலும் ஒரே கவலை: நாங்கள் இருவரும் ராத்திரி வரை கம்பெனியில் இருக்கும்போது இதுகள் என்ன ஆகும்? ஊரில் இருந்தால் பாட்டி பார்த்துக்கொள்வாள், சித்தப்பா அதட்டுவார். இங்கே அக்கம்பக்கம் எல்லோரும் வேலைக்குப் போனவர்கள். அந்தக் கவலைக்கு நகரம் கொடுத்த பதில் பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பையனைக் காப்பாற்றும் இடம் கம்பெனி, பெண்ணைக் காப்பாற்றும் இடம் பள்ளிக்கூடமும் அடைத்த கதவும். அவள் படிப்பதற்கு அந்த அடைப்பும் ஒரு காரணம் என்பதை எழுதும்போது எனக்கு மனம் சங்கடப்படுகிறது. அவளுடைய நானூறு மதிப்பெண்ணில் அவள் உழைப்பு இருக்கிறது. படிப்பை விட்டால் அடுத்தது கல்யாணம்தான் என்ற பயமும் இருக்கிறது.

அரசாங்கமும் பெண் பக்கம் நீண்ட காலமாகக் கைகொடுத்து வந்திருக்கிறது. 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் படிப்பு ஒரு நிபந்தனை. பிற்பாடு அது பத்தாம் வகுப்பு என்று ஆனது. கல்யாணச் செலவுக்காகவாவது பெண்ணைப் பத்து வரை படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. 2022 செப்டம்பரில் அதே திட்டம் புதுமைப் பெண் என்று மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் கைமடிக்குப் போன பையனுக்கு அது எட்டாது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. வாசல் வரை வந்தவனுக்குத்தான் கிடைக்கும்.

பெண்கள் பக்கம் எல்லாம் சரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதே பனியன் தொழிலுக்கு நூல் கொடுக்கும் மில்கள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று சொல்லித் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களை அழைத்து வந்தார்கள். பலர் பள்ளியைப் பாதியில் விட்டு வந்தவர்கள். பேசிய காலம் முடிவதற்குள் உடம்பு கெட்டு, பணமும் முழுதாகக் கிடைக்காமல் திரும்பியவர்கள் உண்டு. ஆக, இந்த ஊரின் வளர்ச்சி நகரத்துக்குள் பையன்களையும், தொலைவில் உள்ள வறண்ட கிராமங்களில் பெண்களையும் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டது. திருப்பூர் மாவட்டத் தேர்ச்சிப் பட்டியலில் அந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் விட்டுவந்த பள்ளிகள் வேறு மாவட்டங்களில் இருக்கின்றன.

வேறு ஊர்களிலும் இதேதான்

மும்பை தாதரில் கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வீக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் செய்து 2006-ல் வெளியான ஆய்வு இதற்கு மிக நெருக்கமானது. ஆலைத் தொழிலைச் சுற்றி வளர்ந்த பகுதி அது. பிற்படுத்தப்பட்ட சாதிக் குடும்பங்களில் ஆண்களுக்குச் சொந்தபந்தம் மூலம் ஆலை வேலை வாங்கிக் கொடுக்கும் வலைப்பின்னல் தலைமுறைகளாக இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரம் மாறி ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு நல்ல வேலை வந்தபோதும், அந்த வீட்டுப் பையன்கள் பழைய வழியிலேயே மராத்தி வழிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வலைப்பின்னலில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை. அதனாலேயே அவர்களைப் பிடித்து வைக்கவும் எதுவும் இல்லை. அவர்கள் ஆங்கில வழிப் பள்ளிகளுக்கு மாறினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வேலை வாங்கித் தருவது திருப்பூர்ப் பையனுக்கு வரமாகவும் வலையாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

மெக்சிகோவில் டேவிட் அட்கின் 1986 முதல் 2000 வரையிலான காலத்தை ஆராய்ந்தார். ஓர் ஊரில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் 25 புது வேலைகளைக் கொண்டுவந்தால், அங்கே ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது. வங்கதேசத்தில் ஹீத், முபாரக் இருவரும் பார்த்தது நேர் எதிர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பக்கத்தில் இருந்த ஊர்களில் பெண்பிள்ளைகள் கூடுதல் காலம் படித்தார்கள், கல்யாணமும் தள்ளிப்போனது. கொஞ்சம் எழுத்தும் கணக்கும் தெரிந்த பெண்ணுக்கு அங்கே மதிப்பு இருந்தது. தொழில் வந்தாலே படிப்பு கெடும் என்று சொல்ல முடியாது. என்ன வயதில், என்ன படிப்புக்கு, யாருக்கு வேலை தருகிறது என்பதுதான் விஷயம்.

பள்ளிக்கூடத்தின் பங்கு

எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போடுவது நியாயமில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற நெருக்கடி எல்லாப் பள்ளிகளுக்கும் இருக்கிறது. அந்த நெருக்கடியில் ஒன்பதாம் வகுப்பிலேயே தேறமாட்டான் என்று தெரிகிற பையன் பாரமாகிவிடுகிறான். முடிவெட்டு சரியில்லை, தாமதமாக வந்தான், போன் வைத்திருந்தான் என்று வாரத்துக்கு இரண்டு தடவை வாசலில் நிற்க வைக்கப்படும் பையனுக்கு, பள்ளி தன்னை வேண்டாம் என்கிறது என்று புரிய அதிக நாள் ஆகாது. கம்பெனியில் அவனை யாரும் முடிவெட்டு பற்றிக் கேட்பதில்லை. பிளஸ் ஒன் சேர்க்கையில் குறைந்த மதிப்பெண் பையனை ஐ.டி.ஐ.க்குப் போகச் சொல்லிவிட்டு, பின்தொடர்ந்து அவன் போனானா என்று பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. அங்கே போய்ச் சேராத பையன் எந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்திலும் தோல்வியாக விழமாட்டான். திருப்பூர் மாவட்டத்தின் முதலிடம் ஆசிரியர்களின் உழைப்பில் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று மட்டும் சொல்லும் எண், எழுதவே வராதவனைப் பற்றி வாய் திறக்காது.

சட்டமும் சரியாக அந்த இடத்தில்தான் கை விடுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர 14 வயதுக்குக் கீழே வேலையே கூடாது என்கிறது; 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் தடை. பத்தாம் வகுப்பு முடியும்போது பிள்ளைக்குப் பதினைந்து. படிக்க வைக்கும் கடமை முடிந்துவிட்டது, வேலைக்கு அனுப்பத் தடை பாதிதான். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டமும் எட்டாம் வகுப்பு வரைக்குமாகத்தான் வந்தது. ஒன்பதும் பத்தும் படிக்கும் பையன் மாலையில் போய் உட்கார ஓர் இடம் லைன் வீடுகள் பக்கம் இல்லை.

இதில் இன்னொரு கூட்டம் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஆரம்பப் பள்ளியில் கொஞ்சம் பேர் தமிழ் கற்றுச் சுட்டியாகப் படிக்கிறார்கள். மேல்வகுப்புகளில் அவர்களைப் பார்ப்பது அரிது. அவர்களுக்குத் தனி ஆய்வே வேண்டும்.

பெண்கள் தேறிய பிறகு

பெண்ணின் 96 சதவீதம் எங்கே போகிறது என்பதும் இந்த நிகழ்வின் பகுதிதான். கல்லூரிக்குப் போகிறார்கள், தமிழ்நாட்டில் உயர்கல்வியில் பெண்கள் பையன்களுக்குச் சமமாக இருக்கிறார்கள். நாடு முழுவதும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019–20 தொழில்துறைக் கணக்கெடுப்பு காட்டியது. பெருமையான எண். திருப்பூரில் அதன் உள்ளே போய்ப் பார்த்தால் செக்கிங், பிசிர் வெட்டுதல், பேக்கிங் மேசைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். கட்டிங் மாஸ்டர், ஃபேப்ரிக் மேனேஜர், ஜாப் ஒர்க் முதலாளி என்று மேலே போகப்போக ஆண்கள். பத்தாம் வகுப்பில் பெயிலான பையன் பதினைந்து வருடத்தில் பத்து மிஷின் போட்டு முதலாளி ஆகும் வாய்ப்பு, பி.காம். முடித்த அவன் அக்காவுக்கு இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால் பலருக்கு அந்த வேலையும் நின்றுவிடுகிறது. அந்த லைன் வீட்டு அம்மாவே பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது ஆறு வருடம் வீட்டில் இருந்து, திரும்ப வரும்போது டைலர் மிஷின் கிடைக்காமல் செக்கிங்குக்கு இறங்கியவர்.

செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வருகிறது, துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களில். பையன் வேலைக்குப் பழகுவதும் அதே வாரங்களில்தான். பெயிலான ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் முடிவு வந்த மூன்றாம் நாளே ஒருவர் போக வேண்டும். இன்று மனமுள்ள ஆசிரியர் தன் சொந்த நேரத்தில், தன் வண்டியில் போகிறார். அதை வேலையாக அங்கீகரித்து, ஆளும் பெட்ரோல் காசும் கொடுத்தால் நடக்கும். பாடம் நடத்த இரவு எட்டரைக்கு மேல் லைன் வீட்டுப் பக்கத்திலேயே இடம் வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் பள்ளியில் வகுப்பு வைத்தால் கைமடிக்குப் போனவன் வரமாட்டான். மேல்நிலைப் பள்ளிகளில் பின்னலாடைத் தொழில் சார்ந்த பாடப்பிரிவுகளைப் பெருக்கி, மிஷின்களோடு நடத்தினால் பையனுக்கும் காரணம் கிடைக்கும், மிஷின் பக்கம் விடப்படாத பெண்ணுக்கும் பிடி கிடைக்கும்.

ஏற்றுமதி கம்பெனிகளும் தங்கள் வாசலில் மட்டும் வயது பார்த்தால் போதாது. ஜாப் ஒர்க் கொடுக்கும் பில்லிலேயே அந்த யூனிட்டில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை என்று எழுதி வாங்கலாம், பீஸ் எடுக்க வரும் சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். ஸ்டிச்சிங் டேமேஜுக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள்தானே அவர்கள்.

எண்ணும் முறையையும் மாற்ற வேண்டும். பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸில் தேர்ச்சி சதவீதத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி போடச் சொல்லலாம்: மூன்று வருடத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்று பிளஸ் டூ தேறியவர்கள் எத்தனை பேர், பையன்கள் தனியாக, பெண்கள் தனியாக. ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு எண்) இருக்கிறது, விவரம் எல்லாம் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கையையும் அந்த எண்ணோடு இணைத்துவிட்டால், எங்கும் போய்ச் சேராத பையன்களின் பட்டியல் வார்டு வாரியாக ஜூலை மாதத்துக்குள் கையில் இருக்கும். மாவட்ட நிர்வாகம் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய வேலை இது.